தபாலில் போன வானிலை

மேலகரம்
அக்டோபர் 9

வள்ளிக்கு,

இங்கு நலம். நீயும் உமாவும் மாப்பிள்ளையும் அபியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம்தான் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் நீயே சொன்னாய். ஆனாலும் கடிதம் என்றால் எனக்கு இப்படித்தான் தொடங்கத் தெரிகிறது.

கல்யாணமாகி நாற்பது வருடத்தில் உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை என்பது பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது. சில தாள்களைக் கிழித்தும் போட்டேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உள்ளே போவதற்கு முன் நீ சொன்னாய்: "போன்ல எங்கிட்ட மழை வெயிலுன்னு ஒரு வார்த்த பேசக் கூடாது. பேசுனா வச்சிருவேன்." அதை நான் மீறவில்லை. மீறவும் மாட்டேன். ஆனால் அதைத் தவிர்த்துவிட்டால் எனக்குப் பேச அதிகம் இல்லை என்பது இந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. "சாப்பிட்டாச்சா?" என்கிறேன். "ஆச்சு" என்கிறாய். போன் உமா கைக்குப் போய்விடுகிறது. கடிதத்தைப் பற்றி நீ எதுவும் சொல்லவில்லை. இதைச் சாமர்த்தியம் என்று நினைத்துவிடாதே. வேறு வழி தெரியவில்லை.

நீ இப்போது இருக்கும் ஹாலிஃபாக்ஸ், நான் வேலை பார்த்த காலமெல்லாம் கரும்பலகையில் வரைந்த ஊர். பெயர் போட்டு வரைந்ததில்லை. ஆனால் அது போன்ற ஊர்தான். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்துவிடாமல் முட்டிக்கொண்டு நிற்கிற எல்லைக்கு வளிமுகம் என்று பெயர். சூடான காற்று முன்னேறினால் சிவப்புக் கோட்டில் அரைவட்டங்கள். குளிர் காற்று முன்னேறினால் நீலக் கோட்டில் முக்கோணங்கள். பதினோராம் வகுப்புக்குக் கண்ணாடித் தொட்டியில் சிவப்பு மை கலந்த வெந்நீரும், நீல மை கலந்த ஐஸ் தண்ணீரும் ஊற்றிக் காட்டுவேன். நடுத் தடுப்பு எப்போதும் ஒழுகும். வகுப்பு முடியும்போது எல்லாம் ஊதாவாகிவிடும்.

அப்படி நடத்தியவன் ஒரு வளிமுகத்தைக்கூட அனுபவித்ததில்லை. நம் ஊருக்கு அது வராது. நம்முடைய மழை வேறு வகை. ஆகவே, உனக்கு முடிந்தால், மழைக்கு முன்னால் அங்கே சூடா குளிரா, மழைக்குப் பின்னால் எப்படி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து எழுதுவாயா? இதற்காக மெனக்கெட வேண்டாம். தோன்றினால் போதும்.

இதற்குக் கவர் வாங்கப் போனபோது, தென்காசி தபால் நிலையத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மசூது பிடித்துக்கொண்டான்.

"என்ன அண்ணாச்சி, கனடாவுக்கா தபாலு? போன்ல ஓசியில பேசலாமே. மொகத்தையும் பாத்துக்கிடலாம்."

"பேசுனா வம்பாயிரும் தம்பி."

"அப்பம் எழுதுனா அந்த வம்பு இருவது நாளு கழிச்சு வருமோ?"

டீக்கு அவன் காசு வாங்கவில்லை. எனக்கு என்னமோ போலிருந்தது.

சாரல் முடிந்துவிட்டது. குற்றாலத்தில் கூட்டம் இல்லை. நீ திரும்பி வருவதற்கான பிப்ரவரி டிக்கெட்டின் நகல் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. சும்மா தெரிவிக்கிறேன்.

இப்படிக்கு,
நம்பிராஜன்


ஹாலிஃபாக்ஸ்
நவம்பர் 2

உமா அப்பாவுக்கு, வள்ளித்தாய் எழுதிக்கொண்டது.

கடிதம் வந்தது. மழையைப் பற்றிப் பேசாதீர்கள் என்றால் மழையைப் பற்றி எழுதுகிறீர்கள். கவரைப் பார்த்துவிட்டு அபி, "ஆச்சி, தாத்தா லவ் லெட்டர் போட்டிருக்காங்க" என்றாள். "லெட்டர்தாம்ட்டி. மத்தது கெடையாது" என்றேன்.

போனில் மழையைப் பேசக் கூடாது என்று நான் ஏன் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி முக்கோணம், அரைவட்டம் என்று போகிறீர்கள். அதனால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். இனிமேல் எழுத மாட்டேன்.

ஜூலையில் ஆலங்குளத்திலிருந்து ஆனந்தவள்ளி அக்கா போன் பண்ணினாள். "ஏட்டி வள்ளி, ஒரு எட்டு வந்துட்டுப் போயேன். ஒன்னப் பாக்கணும் போல இருக்கு." நான் பையை எடுத்து வைத்துவிட்டேன். நீங்கள் மொட்டை மாடிக்குப் போய் மலையைப் பார்த்துவிட்டு இறங்கினீர்கள். "இன்னைக்கு வேண்டாம் வள்ளி. மேக்க இருட்டிக்கிட்டு நிக்கி. நனைஞ்சா ஒனக்கு மூச்சு இளைப்பு வந்துரும்." மறுநாளும் அதையே சொன்னீர்கள். அதற்கு மறுநாளும். மேலகரத்தில் சாரல் விடவே இல்லை. நானும் நம்பினேன். பாடம் நடத்தினவர் சொல்கிறாரே என்று.

பிறகு அக்கா போய்விட்டாள் என்று சேதி வந்தது. பஸ்ஸில் போனோம். பாவூர்சத்திரம் தாண்டியதும் ரோடு காய்ந்து கிடந்தது. ஆலங்குளத்தில் புழுதி பறந்தது. துஷ்டி வீட்டில் பெண்கள் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அக்கா மகன் மாரியிடம், "இங்கன மழை எப்பம்லே விட்டுது?" என்று கேட்டேன். "மழையா சித்தி? ஆனி பொறந்ததுலேருந்து ஒரு சொட்டு கெடையாதே" என்றான். "அம்மா கட்டில வாசல்ல போடச் சொல்லி ரோட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தா" என்றான்.

உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் தூரத்தில் சுற்றுகிற காற்றாலையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அவ்வளவுதான். இனி நீங்கள் கேட்டது.

போன வாரம் ஒரு நாள் காலையில் நல்ல வெயில். சூரியனைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. வானத்தில் பஞ்சை இழுத்துவிட்ட மாதிரி மேகம். சாயங்காலத்துக்குள் எல்லாம் சாம்பலாகிவிட்டது. அப்புறம் மழை. நம் ஊர் மாதிரி அடித்துப் பெய்யவில்லை. ஒரு நாள் பூராவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுகிற மாதிரி. அது விட்டதும் வெயில் வரும் என்று பார்த்தால் பனிமூட்டமும் புழுக்கமும். ஸ்வெட்டரைக் கழற்றி வைத்தேன். மறுநாள் மத்தியானம் திடீரென்று கறுத்து, காற்று சுழற்றி, கொஞ்ச நேரம் கொட்டித் தீர்த்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி ஆனது. ஆனால் அப்புறம்தான் குளிர் வந்தது. எலும்பைப் பிடித்தது. எனக்கு இளைப்பும் வந்தது.

நம் ஊரில் மழையோடு குளிர் வரும், மழை விட்டால் போய்விடும். இங்கே மழை விட்ட பிறகுதான் குளிர். எல்லாம் தலைகீழ். உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

வள்ளித்தாய்


மேலகரம்
நவம்பர் 25

வள்ளிக்கு,

அக்காவைப் பற்றி நீ எழுதியதில் ஒரு சொல்லும் பிசகில்லை. கேரளத்திலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறிக் குளிர்ந்து, குற்றாலத்திலும் மேலகரத்திலும் சாரலாக இறங்கும். கிழக்கே போகப் போகக் காய்ந்துபோகும். ஆலங்குளத்துக்குக் காற்று மட்டும்தான் மிஞ்சும். மழை மறைவுப் பகுதி என்று அதற்குப் பெயர். நான் அதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேனோ தெரியாது. அன்றைக்கு நான் பார்த்தது மாடியிலிருந்து தெரிந்த வானத்தை மட்டும். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். உனக்கு இளைப்பு வந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. எதையும் ஒரு நாள் தள்ளிப்போட்டால் நல்லது என்ற என் குணம் மற்றொன்று. எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போன வாரம் ஆலங்குளம் போனேன். உன்னிடம் கேட்காமல் போனது தவறாக இருக்கலாம். இப்போது வடகிழக்குப் பருவம், அங்கும் நல்ல மழை. மாரி வாசலில் நின்றான். "வாங்க சித்தப்பா" என்றான். துண்டு எடுத்துக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பம் வந்து என்ன சித்தப்பா?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நீ எழுதிய மழையைப் பல தடவை படித்தேன். அது வரிக்கு வரி பாடப்புத்தகம். இவ்வளவு தெளிவாக எந்த மாணவனும் எனக்கு எழுதியதில்லை. உனக்கு முதலில் வந்தது வெப்ப வளிமுகம். சூடான காற்று லேசானது. முன்னால் கிடக்கிற கனத்த குளிர் காற்றின் முதுகில் அது சாய்வாக, மெதுவாக ஏறும். அதனால் முதலில் மிக உயரத்தில் மேகம், சூரியனைச் சுற்றி வட்டம். பிறகு மேகம் தாழும். மழை மெல்லியதாக நெடுநேரம் பெய்யும். அது கடந்ததும் நீ சூடான காற்றுக்குள் இருக்கிறாய். நீ ஸ்வெட்டரைக் கழற்றியது அங்கேதான். அதன் பின்னாலேயே குளிர் வளிமுகம் வருகிறது. இது பொறுமை இல்லாதது. குளிர் காற்று ஆப்பு மாதிரி அடியில் நுழைந்து சூடான காற்றை நெட்டுக்குத்தாகத் தூக்கிவிடும். அதனால் குறுகிய இடத்தில், குறுகிய நேரத்தில் கொட்டும். அது போனதும் தென்காற்று வடமேற்காகத் திரும்பும், வானம் தெளியும், சில மணி நேரத்தில் வெப்பம் பத்து டிகிரி, பதினைந்து டிகிரிகூட இறங்கிவிடும்.

ஆகையால் அந்த ஊரில் மழைக்குப் பயப்படுவதைவிட, மழை விட்ட பிறகு வரும் தெளிந்த வானத்துக்குப் பயப்பட வேண்டும். உன் இளைப்புக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். காற்று திரும்பினால் வீட்டுக்குள் போய்விடு. இதை உறுதியாகச் சொல்ல நான் மருத்துவர் இல்லை.

இன்னொன்று. விடிந்ததும் போனில் உன் ஊர் வானிலை வரைபடத்தைப் பார்க்கிறேன். அதன் பிறகுதான் நம் ஊர் வானத்தைப் பார்க்க மாடிக்குப் போகிறேன். உனக்கு இதில் ஆட்சேபம் இருந்தால் நிறுத்திவிடுகிறேன்.

நம்பிராஜன்


ஹாலிஃபாக்ஸ்
டிசம்பர் 17

உமா அப்பாவுக்கு,

ஆட்சேபம் இல்லை. பாருங்கள்.

நீங்கள் ஆலங்குளம் போனதை மாரி போனில் சொல்லிவிட்டான். "சித்தப்பா மழையில தொப்பமா நனைஞ்சு வந்தாவ சித்தி. கொடையக் கையில மடக்கி வச்சிக்கிட்டு வந்தாவ" என்றான். ஏன் அப்படிப் போனீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

நீங்கள் எழுதியது சரிதான். இப்போது நானே சொல்லிவிடுகிறேன். காலையில் சூரியனுக்கு வட்டம் இருந்தால், "உமா, நாளைக்குத் தூறும், அப்புறம் புழுங்கும், அப்புறம் கொட்டும்" என்கிறேன். இரண்டு தடவை பலித்தது. இரண்டு தெரு தள்ளி ஜுஹைனா என்று ஒரு பெண் இருக்கிறாள். கடையநல்லூர்க்காரி. பேச்சுத் துணைக்கு அவள்தான். "எங்கூட்டுக்காரரு வாத்தியாரு. அவுக சொன்னது" என்றேன் அவளிடம். சொன்ன பிறகு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

உங்களைப் பற்றியும் யோசித்தேன். நீங்கள் அந்த வெப்ப வளிமுகம்தான். இரண்டு நாள் மேகம் காட்டி, இறங்கி இறங்கி வந்து, கடைசியில் தூறுவீர்கள். ஆத்திரம் வந்து ஒரு தடவையாவது கொட்டியிருந்தால் நானும் திருப்பிக் கொட்டியிருப்பேன். வானம் வெளுத்திருக்கும்.

ஒரு விஷயம். உமா என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறாள். என் விசாவில் இன்னும் சில வருடம் இருக்கலாமாம். நேற்று சோறு பொங்கிக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தாள்.

"அங்கன போயி என்னம்மா செய்யப் போற? மறுபடி அப்பாவும் நீயும் ஆளுக்கொரு ரூம்புல உக்காந்துக்கிட்டு?"

"அவரு தனியா கெடப்பாரே."

"அவரு வரச் சொன்னாரா? ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னாரா?"

பிப்ரவரி டிக்கெட்டை ரத்துப் பண்ணுவதா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்லச் சொன்னாள். பொங்கல் கழியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். நான் வரவா, இருக்கவா? ஒரே ஒரு வரி எழுதுங்கள். 'வா' என்று எழுதினால் வருவேன். 'இரு' என்று எழுதினால் இருப்பேன். அதில் வானிலை வேண்டாம்.

வள்ளித்தாய்


மேலகரம்
ஜனவரி 11

வள்ளிக்கு,

உன் கடிதம் தாமதமாக நேற்றுத்தான் வந்தது. ஒரு வரி கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் சொல்லக்கூடியதா என்று பார்க்கிறேன்.

நீ அங்கே இருந்தால் உமாவுக்கு உதவி. மருத்துவ வசதி நல்லது. அபி உன்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள் என்று தெரிகிறது. இங்கே வந்தால் உன் சொந்த வீடு, உன் பாஷை, உன் பக்கத்து மனிதர்கள். குளிர் இல்லை. ஆனால் சாரல் காலத்தில் உனக்கு இங்கும் இளைப்பு வரத்தான் செய்யும். மேலும் நான் இருக்கிறேன்; அது எந்தப் பக்கத்தில் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் 'வா' என்று எழுதி, நீ வந்து, இங்கே உனக்கு மனம் ஒட்டாமல் போனால் அது என்னால் என்றாகும். 'இரு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் விருப்பம் எதுவோ அதுவே எனக்குச் சம்மதம்.

வானிலை வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மன்னித்துவிடு. இன்று காலை வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. உன் ஊருக்குத் தெற்கிலிருந்து நல்ல சூடான காற்று ஏறுகிறது. 13ஆம் தேதி காலையில் பத்து டிகிரி இருக்கும் என்று போட்டிருக்கிறது. தரையில் கிடக்கும் பனி உருகும். எல்லோருக்கும் வெளியே போகத் தோன்றும். ஆனால் அதே நாள் பிற்பகலில் ஒரு குளிர் வளிமுகம் கடக்கிறது. நீலக் கோட்டை இவ்வளவு நெருக்கமான முக்கோணங்களோடு நான் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் சுழியத்துக்குக் கீழே எட்டு, பத்து போய்விடும். உருகிய தண்ணீரெல்லாம் கண்ணாடியாகிவிடும். நீ அன்றைக்கு வீட்டை விட்டு இறங்காமல் இருப்பது நல்லது.

இந்தக் கடிதம் 13ஆம் தேதிக்குள் உன்னிடம் வராது என்பது எனக்குத் தெரியும். நாளை ஞாயிற்றுக்கிழமை. நீ போனில் பேசுவாய். அப்போது சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஜனவரி 12

பேசினாய். உன் குரல் நன்றாக இருந்தது. அபி சேலை கட்டிப் பார்த்ததைச் சொல்லிச் சிரித்தாய். எனக்காக நீ சிரித்துப் பல மாதம் ஆகிறது. சொல்ல வாயெடுத்தேன். மழை என்று ஆரம்பித்தால் நீ வைத்துவிடுவாய். போன தடவை வானத்தைப் பார்த்து நான் சொன்ன வாக்கு என்ன ஆயிற்று என்பதும் நினைவுக்கு வந்தது. இதுவும் தப்பாக இருந்தால்? உமாவுக்கு அந்த ஊர் பழக்கம், அவள் பார்த்துக்கொள்ள மாட்டாளா? "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

நம்பிராஜன்


ஹாலிஃபாக்ஸ்
பிப்ரவரி 4

உமா அப்பாவுக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும்.

உங்கள் விரைவுத் தபால் நேற்று வந்தது.

நீங்கள் எழுதிய அந்த 13ஆம் தேதி காலையில் இந்த ஊரே வெளியே வந்துவிட்டது. பனியிலிருந்து ஆவி எழும்பியது. கூரையிலிருந்தெல்லாம் தண்ணீர் சொட்டியது. வெறும் சட்டையோடு பையன்கள் ஓடினார்கள். உமா ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போயிருந்தாள். நான் லேசான ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஜுஹைனா வீட்டுக்குப் பொங்கலுக்கு அரிசி ஊறப்போடச் சொல்லிக் கொடுக்கப் போனேன். பேச்சில் நேரம் போய்விட்டது. மழை கொட்டியது. விட்டதும் கிளம்பினேன். வெயில்கூட அடித்தது. "இருங்க மாமி, அவரு வந்து கார்ல விடுவாரு" என்றாள். "ரெண்டு தெருதானே" என்றேன்.

காற்று திரும்பினால் வீட்டுக்குள் போ என்று எழுதியிருந்தீர்கள். திரும்பியது. எனக்குத் தெரிந்தது. அப்போது நான் சரிவான ரோட்டுக்கு நடுவில் இருந்தேன். மூச்சு இரைத்தது. சீக்கிரம் போய்விட வேண்டும் என்று காலை எட்டிப் போட்டேன். தரை வெறும் தரை மாதிரிதான் தெரிந்தது.

இடுப்பெலும்பு. ஆபரேஷன் பண்ணிக் கம்பி வைத்ததும் உங்களுக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் போன் பண்ணினீர்கள். ஒரு நாளாவது, "வள்ளி, எனக்கு முன்னாலேயே தெரியும், நான் சொல்லவில்லை" என்று சொன்னீர்களா? தபால் வந்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டீர்களா?

உமா நொந்துபோய்க் கிடக்கிறாள். காலையில் அவளும் போனில் பார்த்திருக்கிறாள், அவசரத்தில் சொல்லவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு அது தினம் பார்க்கிற வானம். நீங்கள் அங்கே உட்கார்ந்து, எனக்காக ஒரு நாள் பூராவும் அதையே நினைத்துக்கொண்டிருந்து, தேதி போட்டு, டிகிரி போட்டு எழுதி, அப்புறம் என் குரலையும் கேட்டு, சாப்பிட்டாச்சா என்றீர்களே.

ஆனந்தவள்ளி அக்கா விஷயத்தில் இல்லாத மழையைச் சொல்லி என்னை உட்காரவைத்தீர்கள். என் விஷயத்தில் இருந்த மழையைச் சொல்லவில்லை. போனில் பேசினால் வைத்துவிடுவேன் என்று சொன்னவள் நான்தான். வைத்திருப்பேன். வைப்பதற்கு முன் காதில் விழுந்திருக்கும்.

நான் கேட்ட அந்த ஒரு வரியும் வந்து சேர்ந்தது. என் விருப்பம். சரி. என் விருப்பத்துக்கு டிக்கெட்டை ரத்துப் பண்ணச் சொல்லிவிட்டேன்.

வள்ளித்தாய்


மேலகரம்
பிப்ரவரி 26

வள்ளிக்கு,

கடிதம் படித்த அன்றே போன் பண்ணினேன். "அம்மா தூங்கிக்கிட்டிருக்கா" என்று உமா சொன்னாள். பின்னால் உன் இருமல் கேட்டது. மறுநாளும் பண்ணினேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம். தபால் வந்து சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளும் போனை எடுக்கும்போது இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். உன் வலி கொஞ்சம் குறையட்டும் என்று நாளைக்குத் தள்ளுவேன்.

'வா' என்று ஏன் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதி, நீ வராமல் இருந்துவிட்டால், அந்த வார்த்தை என் கையெழுத்தில் அங்கே ஒரு மேசையில் கிடக்கும் என்று பயந்தேன். வேறு காரணம் இல்லை. உமாவுக்கு உதவி, மருத்துவ வசதி என்று எழுதியதெல்லாம் அதை மூடத்தான்.

நீ இல்லாமல் எனக்கு இங்கே இருக்க முடியவில்லை. சமைத்துக்கொள்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. வீட்டில் யாரிடமும் சொல்ல எதுவும் இல்லாமல் ஒரு நாள் முடிகிறது. அது முடியவில்லை. இந்த வாக்கியம்தான் ஜனவரிக் கடிதத்தில் இருந்திருக்க வேண்டும்.

நீ விழுந்த வாரத்தில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ் வந்தாள்.

"இந்த வயசுல என்னத்துக்கு அண்ணாச்சி பாஸ்போர்ட்டு?"

"சம்சாரம் அங்கன இருக்காம்மா."

"கூட்டிட்டு வரப் போறியளா?"

"தெரியல."

"எத்தன நாளு இருப்பிய?"

"அதுவும் தெரியலம்மா."

"எல்லாத்துக்கும் தெரியலன்னா நான் என்னத்த எழுத? குடும்பத்தப் பாக்கன்னு போட்டுக்கிடுதேன். சரிதானா?"

"சரிதான்" என்றேன்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசா வாங்க வேண்டும். உன்னை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பியதைத் தவிர, புளியறை எல்லையைத் தாண்டிக்கூட நான் தனியாகப் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். விமானத்தில் எங்கே மாறுவது, என்ன கேட்பார்கள் என்றெல்லாம் மாப்பிள்ளையிடம் கேட்டு வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் நீ வேண்டாம் என்றால் வர மாட்டேன். இது மறுபடியும் உன் மேல் சுமத்துவது போலப் படுகிறது. ஆகவே இப்படி எழுதுகிறேன்: நான் வர விரும்புகிறேன்.

இன்று காலை வரைபடம் பார்த்தேன். அது பற்றி எழுதவில்லை.

நம்பிராஜன்


ஹாலிஃபாக்ஸ்
மார்ச் 21

உமா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை உமாவைப் படிக்க விடவில்லை. நானே படித்தேன். இரண்டு தடவை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் மேலகரம் வரப்போவதில்லை. கோபத்தில் எழுதுவதல்ல. கோபம் இருக்கிறது, அது தனி. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து பாத்ரூம் போவதற்குள் இரைக்கிறது. ஒரு கால் கட்டையாகிவிட்டது. அவ்வளவு தூரம் உட்கார்ந்து பறக்கவும் முடியாது. கோடை வந்தால் சரியாகும் என்று உமா சொல்கிறாள். நர்ஸ் சொல்கிற குரலில் சொல்கிறாள். அதனால் எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா இல்லாத ஊருக்கு வந்து நான் பார்க்க வேண்டியதும் ஒன்றுமில்லை. என் பீரோவில் இருக்கிற சேலைகளில் நல்லதாகப் பார்த்து மாரி பெண்டாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டை என்ன செய்வது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

வருவதானால் வாருங்கள். என்னைக் கூட்டிப்போக என்று வராதீர்கள். மன்னிப்புக் கேட்கவும் வராதீர்கள். எனக்குக் கொடுக்க இன்னும் மனசு இல்லை. இங்கே வந்தால் உங்களுக்குப் பேச ஆள் கிடையாது, பேப்பர் கிடையாது, நடக்க ரோடு கிடையாது. நானும் முன்னே மாதிரிப் பேச மாட்டேன். எல்லாம் தெரிந்துகொண்டு வாருங்கள்.

என் கட்டிலிலிருந்து பார்த்தால் சன்னலில் எதிர்வீட்டுச் சுவர் மட்டும்தான் தெரிகிறது. எழுந்து போய் வானத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இவர்கள் காலையில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். வெளியே தூறுகிறதா, உறைகிறதா, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துச் சொல்ல எனக்கு ஒரு ஆள் வேண்டும். யோசித்து, சரிபார்த்து, நாளைக்குச் சொல்கிற ஆள் வேண்டாம். பார்த்த உடனே சொல்ல வேண்டும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

வள்ளித்தாய்